அருளப்பன் சார் பார்த்த நட்சத்திரங்கள்

ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து பியூன் வந்து வாசலில் நின்றார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஐப்பசி மழையில், கொடைக்கானலில், ஒருவர் காதை மூடிய குல்லாயைக் கழற்றியிருக்கிறார் என்றால் விஷயம் நல்லதாக இருக்காது. "டீச்சர், அய்யம்பாளையத்துலருந்து போன் வந்துச்சுங்க. அருளப்பன் சார் தவறிட்டாராம். வெள்ளனேயே முடிஞ்சிருச்சாம். சாயங்காலம் எடுக்குறாங்களாம்" என்றார்.

பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் விழவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்தி வந்து சேரும்போது அழுகைக்கு முன்னால் ஓர் அசதிதான் வருகிறது. அந்த அசதி இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

பள்ளியின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். "அவரோட ரொம்பப் பழகினது நீங்கதானே லில்லி டீச்சர்" என்றார். பழகினேன் என்பதைவிட அவரிடம் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. அவரை அறிந்தவர்கள் இந்த வரியைப் படித்துச் சிரிப்பார்கள். அறியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் இந்த மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தபோது அவர் இங்கே புவியியல் ஆசிரியராக இருந்தார். மலையடிவாரத்து வெயிலில் வளர்ந்தவர். இந்தக் குளிருக்கு ஒருநாளும் பழகவில்லை. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று சுற்றிக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடிதான் பேசுவார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் அவரைக் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் நட்பு நீடித்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதைத்தான் கேட்பார். "நேர்ல பாத்தீங்களா?"

நான் சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "பண்ணைக்காட்டுப் பக்கம் ஜீப் உருண்டு நாலு பேரு செத்துட்டாங்களாம்" என்றார். எல்லோரும் உச்சுக்கொட்டினோம். அருளப்பன் சார் கிளாஸை வைத்துவிட்டு, "நேர்ல பாத்தீங்களா சார்?" என்றார்.

"இல்ல சார், பஸ்ல பேசிக்கிட்டாங்க."

"அப்ப நாலு பேரை வெரசாக் கொன்னுபுடாதீங்க. விசாரிச்சுட்டு வாங்க."

மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஜீப் வாய்க்காலில் இறங்கி நின்றிருந்தது. வாழைத்தார்கள்தான் நசுங்கியிருந்தன. எனக்கு இது முதலில் பெரிய எரிச்சலாக இருந்தது. வகுப்புகளுக்கு நடுவில் பத்து நிமிஷம் வம்பு பேசலாம் என்று உட்கார்ந்தால் அவர் உள்ளே வந்ததும் வம்பு செத்துப்போகும். வம்பில் நேரில் பார்த்தது எது?

நன்கொடையாளர்களுக்காகப் பள்ளி ஒரு சிறு கையேடு போட்டது. நம் மைதானத்து மேட்டில் நின்றால் வைகை அணை தெரியும், வானம் தெளிந்த நாளில் கடலும் தெரியும் என்று அதில் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் திருத்தக் கொடுத்தபோது அவர் 'கடலும்' என்பதை அடித்துவிட்டார். அப்போதிருந்த தலைமையாசிரியருக்குக் கோபம். "எல்லாரும் சொல்றதுதானே சார் இது? ரொம்ப வருஷமாப் போட்டுக்கிட்டு வர்றோம்" என்றார்.

"சொல்றவங்கள்ல பாத்த ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார், நானே எழுதித் தர்றேன். நானும் ஏறி ஏறிப் பாக்குறேன். அணை தெரியுது. அதுக்கு அங்கிட்டு எல்லாம் புகையாத்தான் கெடக்கு."

யாரையும் கூட்டி வர முடியவில்லை. கையேடு கடல் இல்லாமல்தான் வந்தது. அவரிடம் படித்த பிள்ளைகள் வரைந்த வரைபடங்களில் பாதி புள்ளிக்கோடுகளாகவே இருக்கும். நடந்து போய்ப் பார்க்காத பாதையை முழுக்கோடாகப் போட்டால் அவர் மதிப்பெண் தரமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் கடைசி ஆண்டுகளை இல்லாத நட்சத்திரங்களுக்குக் கொடுத்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எண்பதுகளில் எங்களிடம் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் ஊர் திரும்பும்போது தன் சின்னக் கம்ப்யூட்டரையும், அதற்கு ஒரு டி.வி.யையும், கேசட் ரெக்கார்டரையும் பள்ளிக்கு விட்டுப் போனார். இங்கிலாந்திலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் பத்திரிகையும் பழக்கதோஷத்தில் கப்பல் தபாலில் வந்துகொண்டே இருந்தது. ஒன்றில் ஒரு விளையாட்டின் நிரல் பல பக்கங்களுக்கு அச்சாகியிருந்தது. வரிவரியாகக் கம்ப்யூட்டரில் தட்டி முடித்தால் டி.வி.யில் ஒரு விண்வெளி வரும். அதில் கணக்கற்ற நட்சத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி. அந்த எண்ணைக் கொடுத்துக் கப்பலைச் செலுத்தினால், இடையில் எரிபொருள் கிடைக்கும் நட்சத்திரங்களில் நின்று நின்று, ஒருவழியாகப் போய்ச் சேரலாம். சேர்ந்ததும் நட்சத்திரத்தின் நிறம், சுற்றும் கிரகங்கள், தண்ணீர் உண்டா, காற்று உண்டா என்று திரையில் வரும். சுடுவதற்கு யாரும் இல்லை. ஜெயிப்பது என்று ஒன்றும் இல்லை.

"அப்ப எதுக்கு சார் வெளையாடணும்?" என்று கேட்டேன்.

"போய்ப் பாக்குறதுக்கு டீச்சர்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. நேரில் போய்ப் பார்க்கக்கூடிய நட்சத்திரம் அவருக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பத்திரிகை இன்னொன்றும் செய்தது. வாசகர்கள் தாங்கள் கண்ட குறிப்பிடத்தக்க நட்சத்திரங்களை எழுதி அனுப்பலாம். அந்த முகவரிக்கு வேறொரு வாசகர் போய்ப் பார்த்து 'உண்மைதான்' என்று சொன்னால், பத்திரிகையின் பட்டியலில் அது ஏறும். அருளப்பன் சாருக்காகவே யாரோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மதியங்களில் நூலகத்துக்கு அடுத்த சின்ன அறையில் கூடினோம். நான் நிரலை வாசிக்க, அவர் இரண்டு விரலால் தட்டினார். எங்கள் பள்ளியின் எலக்ட்ரீஷியன் கனகராஜ் வோல்டேஜுக்குக் காவலாக ஸ்டெபிலைசரோடு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தவர் மெல்ல மெல்ல மூன்றாவது ஆட்டக்காரர் ஆகிவிட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நாயுடுபுரத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் 'பெரட்டு' என்பார்களாம். எங்கள் சனிக்கிழமைக்கும் அதையே பேராக வைத்தார். "டீச்சர், பெரட்டுக்கு நேரமாச்சு" என்று வந்து நிற்பார். துவைக்கப் போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டுப் போவேன்.

நிரலையும் பயணத்தையும் பதிந்து வைக்கும் கேசட்டை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் ரெக்கார்டரில் போட வேண்டும். இங்கத்திய ஈரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். மழை வலுத்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பதிவு செய்யாத பயணம் எல்லாம் போகும். மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். பல சனிக்கிழமைகள் இப்படிப் பாதி வழியில் போய்த் திரும்பியதாகவே கழிந்தன. வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு மதியத்தையும் இதற்குக் கொடுக்கிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போய் உட்காருவேன்.

எங்களுக்குள் சார் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பேர் வைக்கக் கூடாது. இன்னொருவர் தனியாகப் புறப்பட்டு, அதே முகவரிக்குப் போய், அதே விவரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பேர் வைக்கும் உரிமை அப்படி இரண்டாவதாகப் போனவருக்குத்தான். மனிதர்களின் பேரை வைக்கக் கூடாது. முன்னால் போனவர் சொன்னதை மெனக்கெட்டுச் சரிபார்ப்பதற்கு ஒரு கூலி வேண்டாமா என்பார். இதனால் ஒன்று நடந்தது. சார்தான் நிறையக் கண்டுபிடித்தார், பேர்கள் எல்லாம் நானும் கனகராஜும் வைத்தவை. ஒரே அளவு இடைவெளியில் கிரகங்கள் வரிசையாகச் சுற்றும் ஒரு நட்சத்திரத்துக்குக் கனகராஜ் 'லயம்' என்று பேர் வைத்தார். தோட்டத்தில் அவர் பிறந்த வரிசை வீடுகளுக்கு அதுதான் பேர். எப்போது போனாலும் மழை பெய்துகொண்டிருக்கும் கிரகம் உள்ள ஒன்றுக்கு நான் 'ஈரத்துணி' என்று வைத்தேன்.

"ஒரு நட்சத்திரத்துக்குப் போயி ஈரத்துணின்னா பேரு வைப்பாங்க டீச்சர்?" என்று சார் நொந்துகொண்டார்.

"மெனக்கெட்டுப் போனது நான் சார். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது" என்றேன். நட்சத்திரத்துக்கு ஒன்றாக அவர் வைத்திருந்த அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார். வழக்கம் வழக்கம்தான்.

இப்படிச் சேர்ந்த அட்டைகளிலிருந்து, மூவரும் போய்ப் பார்த்தவற்றை மட்டும் பொறுக்கி, அழகாகத் தட்டச்சு செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினோம். பதில் வரப் பல மாதங்கள் ஆகின. எங்களுக்கென்று கடிதம் எதுவும் இல்லை. பத்திரிகையிலேயே அச்சாகியிருந்தது. தென்னிந்தியாவின் ஒரு மலைப்பள்ளியிலிருந்து வந்த பட்டியலை வாசகர்கள் சிலர் சரிபார்த்தார்களாம். அந்த முகவரிகளில் சொல்லப்பட்ட எதுவுமே இல்லையாம். கற்பனையில் கண்டவற்றை அனுப்பி மற்றவர்களின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார்களாம்.

சார் அதை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். ஸ்டாஃப் ரூமில் அதற்குள் வேறு யாரோ படித்துவிட்டார்கள். "என்ன சார், நேர்ல பாத்தீங்களா?" என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். பல வருஷமாக அவரிடம் அந்தக் கேள்வியை வாங்கியவர்கள் சிரிக்காமல் இருப்பார்களா? எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரிக்கப் பார்த்தார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று மாலை என்னிடம் வந்து, "நீங்களும் பாத்தீங்கல்ல டீச்சர்? லயத்துக்கு நீங்களும் போனீங்கதானே?" என்று கேட்டார். தன் கண் மீதே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. "போனேன் சார். நல்லாப் பாத்தேன்" என்றேன்.

நிரலை முழுக்க மறுபடி ஒப்பிட்டோம். ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பக்கத்தை நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு எண்ணில் சின்ன நிற வித்தியாசம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். எட்டின் இடது பாதி உதிர்ந்து மூன்றாக நின்றது. பூசணம்! கொடைக்கானலில் செருப்பிலும் பைபிளிலும் பிடிக்கும் அதே பூசணம், ஒரு மூன்றின் பக்கத்தில் பிடித்து அதை எட்டாக்கிவிட்டது. எல்லா நட்சத்திரங்களும் எந்த எண்ணிலிருந்து கணக்காகிப் பிறக்கின்றனவோ, அந்த எண். உலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் மூன்றின் விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் மூவர் மட்டும் எட்டின் விண்வெளியில் இருந்திருக்கிறோம். வாசித்தது நான், தட்டியது அவர், பூசணம் பிடித்தது ஊர். யாரை நோவது?

"மூணுன்னு மாத்திட்டு மறுபடி ஆரம்பிப்போம் சார்" என்றார் கனகராஜ்.

சார் மாற்றினார். பத்திரிகைப் பட்டியலில் இருந்த ஓர் இடத்துக்குப் போனோம். அவர்கள் எழுதியபடியே அச்சு அசலாக இருந்தது. "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று தலையாட்டினார். பிறகு லயத்தின் முகவரியைக் கொடுத்தார். அங்கே ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை மறுபடி எட்டாக்கினார்.

"அது அவங்க ஊரு. நம்ம ஊரும் இருக்கத்தான் செய்யுது. முகவரியைத் தப்பாக் குடுத்துட்டோம், அவ்வளவுதான். எழுதிப் போடுவோம். எட்டுன்னு போட்டு வந்து பாக்கட்டும்."

பொறுமையாக எழுதினார். பூசணத்தைப் பற்றிக்கூட எழுதினார். இந்த எண்ணை மாற்றிப் போட்டால் நாங்கள் சொன்ன ஒவ்வோர் இடமும் சொன்னபடி இருக்கும், தயவுசெய்து ஒருவராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மழைக்காலம் போய், பனிக்காலம் போய், சீசன் கூட்டமும் வந்து போன பிறகு பத்திரிகையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பட்டியல் அச்சிட்ட எண்ணுக்கு மட்டுமே உரியது, இடப்பற்றாக்குறையால் மறுப்பு வெளியிட இயலாது. மரியாதையான அட்டைதான். ஆனால் அச்சில் வந்த பழி அப்படியே நின்றுவிட்டது. யாரும் வந்து பார்க்கவில்லை.

அதன் பிறகும் அவர் சனிக்கிழமைகளை விடவில்லை. நாங்கள்தான் சோர்ந்துபோனோம். கனகராஜுக்கு வீட்டில் ஆயிரம் சோலி. எனக்கு முழங்கால் வலி. சார் மட்டும் தனியாக உட்கார்ந்து புதுப்புது இடங்களைக் கண்டுபிடித்து, "ரெண்டாவதா ஒருத்தர் போகணுமே டீச்சர்" என்று வந்து நிற்பார். முனகிக்கொண்டே போவேன். அவர் சொன்னது சொன்னபடி இருக்கும். ஒருமுறையாவது தப்பாக இருக்காதா, சண்டை போடலாமே என்றிருக்கும். இருந்ததே இல்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு மோசமாயிற்று. இந்தக் குளிரும் இந்த ஏற்றமும் இனி ஆகாது, கீழே போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அய்யம்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனார். கம்ப்யூட்டர் மேலேயே இருந்தது. மலையையும் பார்க்க முடியாமல் நட்சத்திரத்தையும் பார்க்க முடியாமல் படுத்திருந்தார்.

சென்ற மாதம் நானும் கனகராஜும் பார்க்கப் போனோம். அவருடைய அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, "தம்பி, மலையிலருந்து வந்துருக்காங்க பாரு" என்று எழுப்பினார். எலும்பும் தோலுமாக இருந்தார். "மேல மழையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"விடாமப் பேயுது சார்" என்ற கனகராஜ், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு நல்ல சேதி சார். லண்டன்லருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. நம்ம எட்டைப் போட்டு நம்ம எடத்துக்குப் போய்ப் பாத்தாராம். நீங்க சொன்னபடியே இருந்துச்சாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சார் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

"எந்த எடத்துக்கு?"

"அது... தண்ணி கெடக்குமே சார், நீலமா."

"அது நான் கடைசியாக் கண்டது. இன்னும் யாரும் பேரு வைக்கலையே. அவரு என்ன பேரு வச்சாரு?"

கனகராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "பேரு... எழுதலைங்க சார்" என்றார்.

"அம்புட்டுத் தூரம் போய்ப் பாத்த மனுசன் பேரு வைக்காமத் திரும்புவானா கனகராஜ்?"

கனகராஜ் அழுதுவிட்டார். "யாரும் வரலைங்க சார். ஒருத்தரும் வரல. நீங்க கெடக்குறதைப் பாக்க முடியாம, வாய்க்கு வந்ததைச் சொல்லிப்புட்டேன். மன்னிச்சுக்குங்க."

சார் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். கோபப்படவில்லை. "எனக்காகப் பொய் சொல்லாதீங்க கனகராஜ். ஏற்கெனவே பொய்க்காரன்னு அச்சடிச்சு விட்டுட்டாங்க. போற நேரத்துல அதை நெசமாக்கிட்டா போகணும்?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெளையாட்டுதான். சின்ன விசயந்தான். ஆனா வலிக்குது. பாக்காததைப் பாத்தேன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல" என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அக்காவுக்கு உதவுவதுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மலைக்குத் திரும்பியதும் அந்த நீலத் தண்ணீர் இடத்துக்குக் கிளம்பினேன். கரண்ட் போய்ப் போய் வந்து, இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. போய்ச் சேர்ந்தேன். இருந்தது. அவர் எழுதியிருந்த நிறம், எழுதியிருந்த கிரகங்கள், எழுதியிருந்த தண்ணீர். பேர் மட்டும் எனக்குத் தோன்றவில்லை. யோசித்து வைப்போம் என்று விட்டிருந்தேன். அதற்குள் போன் வந்துவிட்டது.

செய்தி வந்ததும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, வத்தலக்குண்டில் மாறி, நானும் கனகராஜும் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடப்போகிறார்கள். முகம் அமைதியாக இருந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைத்துப்போன முகமாகத்தான் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பங்குச் சாமியார் ஊருக்குப் புதியவர். அக்காவிடம் விசாரித்திருப்பார். அக்காவும் தம்பி எப்போதும் நட்சத்திரம் நட்சத்திரம் என்றுதான் இருப்பான் என்று சொல்லியிருப்பார். குழிக்கு முன் நின்று சாமியார், "கொடைக்கானல் மலையிலே தொலைநோக்கி வழியாக வானத்தை ஆராய்ந்து, புதிய விண்மீன்கள் பலவற்றைக் கண்டுபிடித்து உலகுக்கு அளித்த விஞ்ஞானி நம் சகோதரர் அருளப்பன்" என்று பேசினார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

பள்ளியின் சார்பில் யாராவது பேசுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். கனகராஜ் என் காதருகே, "விட்டுருங்க டீச்சர். நல்லதைத்தானே சொல்றாரு. அந்தம்மா முகத்தைப் பாருங்க" என்றார். விட்டுவிடத்தான் நினைத்தேன். மலை இறங்கி வந்த களைப்பு. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. அவரைப் பற்றி ஊர் இப்படியே நினைத்துக்கொண்டு போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் 'அதை நெசமாக்கிட்டா போகணும்' என்ற அந்தக் குரல் என்னை நிற்கவிடவில்லை. முன்னால் போனேன்.

"சாமி சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்" என்றேன். "அருளப்பன் சார் வானத்துல நட்சத்திரம் எதையும் கண்டுபிடிக்கல. அது கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு. டி.வி. பெட்டிக்குள்ள வர்ற நட்சத்திரங்க. அதுலயும் நாங்க ஒரு எண்ணைத் தப்பாப் போட்டதால எங்க மூணு பேருக்கு மட்டும் கிடைச்சது."

யாரோ இருமினார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. நிறுத்தினால் அவ்வளவுதான் என்று தெரிந்தது.

"ஆனா ஒண்ணு. அதுல ஒரு இடத்தைப் பாத்தேன்னு சார் சொன்னா, அவருக்குப் பின்னாடி நான் போயிருக்கேன். இந்தா நிக்கிற கனகராஜ் போயிருக்காரு. சார் என்ன சொன்னாரோ அதுதான் அங்க இருந்துச்சு. ஒரு தடவைகூட மாறினதில்ல. இவர் பொய் சொல்றாருன்னு இங்கிலாந்துல அச்சுப் போட்டு எழுதினாங்க. அது தப்பு. கடைசியா அவர் சொன்ன இடத்தையும் போன சனிக்கிழமை நான் பாத்துட்டேன். இருக்கு. அதை அவர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், முடியல. அதான் இங்க சொல்றேன்."

சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். அந்த ஊரில் வெள்ளாமை பார்க்கும் பெரியவர் ஒருவர், துண்டைக் கையில் பிடித்தபடி முன் வரிசையில் நின்றவர், "அங்கயெல்லாம் தண்ணி கெடக்கா டீச்சர்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எல்லாத்துலயும் இல்லைங்க. சார் இருக்குன்னு சொன்னதுல எல்லாம் இருக்கு."

"அப்ப சரி" என்றார் பெரியவர். "அருளப்பன் சொன்னா இருக்கும்." குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்து அக்கா வந்தார். மண்ணைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

சார், அந்தப் பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லை என்பதை இனிமேல் யாராலும் மாற்ற முடியாது. அய்யம்பாளையத்தில் நம்பிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் தூங்குங்கள்.